ஓடைக்கு வடக்கு

1962ஆம் வருடத்து ஒத்திப் பத்திரம் ஒன்று போன வருடம் என் மேசைக்கு வந்தது. அசலைக் கரையான் தின்றுவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கிய நகல்தான் மிச்சம். அதுவும் யாரோ ஓர் எழுத்தர் அந்தக் காலத்தில் மைப்பேனாவால் புத்தகத்தில் படியெடுத்த பக்கத்தின் ஜெராக்ஸ். தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’, வரிக்கு வரி ‘௸’ குறி, முற்றுப்புள்ளியே இல்லாமல் இரண்டு பக்கம் ஓடும் ஒரே வாக்கியம். என் ஜூனியர் அதைப் போனில் படமெடுத்து ஏஐயிடம் கொடுத்தார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

அசந்துபோனேன். சீனியரிடம் நான் இருந்த காலத்தில் இந்த மாதிரி ஒரு பத்திரத்தைப் படித்து, புரிந்து, ஆங்கிலத்தில் எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். இதுவோ ‘௸’ என்றால் ‘மேற்படி’ என்பதைக்கூடப் பாதி இடத்தில் சரியாகப் பிடித்திருந்தது. நடை சுத்தம். சொத்து விவரம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே படித்தேன்.

பத்திரத்தில் இருந்தது இது: ‘ஓடைக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு’. ஏஐ எழுதியிருந்தது: வடக்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை. நிலம் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது!

நான்கெல்லை எழுதும் நம் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் பழைய பத்திர எழுத்தர்கள் சொத்தில் நின்றுகொண்டு சுற்றிப் பார்த்து எழுதவில்லை. அக்கம்பக்கத்தில் நின்றுகொண்டு சொத்தைப் பார்த்து எழுதினார்கள். ஓடைக்கு வடக்கே இந்த நிலம் இருக்கிறது. ஆகவே ஓடை நிலத்துக்குத் தெற்கு எல்லை. இங்கிலீஷ் பத்திரத்தில் எல்லைகளை வடக்கே இன்னது, தெற்கே இன்னது என்று வரிசையாகப் போடுவார்கள். ஏஐ படித்து வளர்ந்தது அந்த வகைப் பத்திரங்கள் போலிருக்கிறது. ‘வடக்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் வடக்குக் கட்டத்தில் ஓடையைப் போட்டுவிட்டது. இதை அப்படியே பிராதின், அதாவது வழக்கு மனுவின், சொத்து ஷெட்யூலில் ஒட்டி, வழக்கில் ஜெயித்து, டிகிரியும் வாங்கி, அதை நிறைவேற்ற ஜாரிக்குப் போயிருந்தால் கோர்ட் அமீனா போய் நின்றிருப்பது வேறொருவர் வயலில்.

இன்னொரு கூத்தும் இருந்தது. ‘ஒத்தி’ என்பதைக் குத்தகை என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் மொழிபெயர்த்திருந்தது. அதை முழுசாகக் குறை சொல்ல முடியாது. ‘லீசுக்கு வீடு’ என்று நாமே போர்டு மாட்டுகிறோம். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் கோர்ட்டில் அது உயிர்நிலை. ஒத்தி என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882இன் 58ஆம் பிரிவில் வரும் அனுபவ அடமானம். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தை உழுது சாப்பிடுவார். பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்ப வேண்டும். குத்தகை என்று எழுதிவிட்டால் என் கட்சிக்காரர் அடமானத்தை மீட்க வந்தவர் இல்லை, குத்தகைக்காரரைக் காலி செய்ய வந்தவர். வழக்கே வேறு.

கட்சிக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா 800 ரூபாய்க்கு அந்த நிலத்தை ஒத்தி வைத்தார். எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். சர்வே வந்தபோது நிலம் யார் கையில் இருந்ததோ அவர் பெயரில் பட்டா விழுந்துவிட்டது. இப்போது ஒத்திக்காரரின் பேரன்கள் ‘நிலம் எங்களுடையது’ என்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏ.ஐ. என்ற இரண்டு எழுத்தைக் கேட்டால் எங்கள் தலைமுறை வக்கீல்களுக்கு மூன்றாவது எழுத்து தானாக வாயில் வரும்: ஆர். ஏ.ஐ.ஆர். 1914 முதலான தீர்ப்புகளின் திரட்டு. சீனியர் அறையில் மூன்று சுவருக்கு அதுதான் இருந்தது, நாலாவது சுவரில் 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல். தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்து, உள்ளே வெள்ளிமீன் பூச்சி. நான் சேர்ந்த முதல் வருடம் முழுக்க என் வேலை ஏணியில் ஏறுவதும் தூசி தட்டுவதும்தான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். பாதி உண்மை.

அந்த முதல் வருடத்தில் நடந்தது ஒன்று. சிவில் வழக்கு ஒன்றில் சீனியர் ஊரில் இல்லாததால் நான் வாதாட வேண்டி வந்தது. எங்களுக்குச் சாதகமாக அருமையான ஒரு பத்தி கிடைத்திருந்தது. பென்சிலால் கோடு போட்டு, கொடி ஒட்டி, எழுந்து நின்று கணீரென்று படித்தேன். முன்சீப் நிமிர்ந்து பார்த்து, “தம்பி, இதைச் சொன்னது கோர்ட்டா, வக்கீலா?” என்றார். புரியவில்லை. “நாலு வரி மேலே போங்க” என்றார். போனேன். ‘மேல்முறையீட்டாளர் தரப்பு வழக்கறிஞர் வாதிட்டதாவது’ என்று இருந்தது. நான் தீர்ப்பென்று படித்தது ஒரு வக்கீலின் வாதம். அடுத்த பக்கத்தில் அந்த வாதத்தைக் கோர்ட் தள்ளியிருந்தது.

அன்றைக்கு எனக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. எந்தப் பத்தியைப் படித்தாலும் முதலில் கண் மேலே போகும்: பேசுவது யார்? கோர்ட்டா, வக்கீலா, கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்களா, மாறுபட்ட நீதிபதியின் கருத்தா? இதை எந்தச் சட்டக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. ஏஐ இன்று செய்கிற தப்புகளிலேயே ஆபத்தானது இதுதான். இல்லாத தீர்ப்பைக் கண்டுபிடிப்பது சுலபம், தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். இருக்கிற தீர்ப்பு, சரியான ஆண்டு, சரியான பக்கம். ஆனால் அது சொன்னதாக ஏஐ சொல்வது தோற்ற கட்சியின் வாதம். இது கண்ணில் மண் தூவும்.

இல்லாத தீர்ப்பு விவகாரம் உலகத்துக்குத் தெரிந்தது 2023இல். நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீது ஒரு பயணி போட்ட வழக்கு நடந்தது. உணவு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று. அவருடைய வக்கீல்கள் தாக்கல் செய்த மனுவில் இருந்த ஆறு தீர்ப்புகள் உலகத்தில் எங்கேயும் இல்லை. சாட்ஜிபிடி பெற்றுப்போட்டவை. தேடியவர் முப்பது வருட அனுபவஸ்தர். சந்தேகம் வந்து, ‘இது நிஜமான வழக்குதானா?’ என்று அதனிடமே கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கிறது. நம்பிவிட்டார்! நீதிபதி கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். போலித் தீர்ப்புகளை எழுதியதாக யார் யார் பெயர் போடப்பட்டிருந்ததோ அந்த நீதிபதிகளுக்கெல்லாம் விஷயத்தைத் தெரிவித்துக் கடிதம் போடச் சொன்னார். அபராதத்தைவிட அந்தக் கடிதம்தான் பெரிய தண்டனை என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்கா, அவர்கள் பாடு என்று இருக்க முடியவில்லை. 2024 டிசம்பரில் பெங்களூர் வருமான வரித் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. அதில் காட்டிய தீர்ப்புகளைத் தேடினால் கிடைக்கவில்லை. சில நாளில் உத்தரவையே திரும்பப் பெற்றார்கள். 2025 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், இல்லாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டி உத்தரவு போட்ட ஒரு சிவில் நீதிபதி மீது நடவடிக்கைக்குச் சொன்னது. அதே வருடம் ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் கிடையவே கிடையாது. வக்கீல் மட்டும் ஏமாந்தால் பரவாயில்லை, எதிர்த்தரப்பு இருக்கிறது, நீதிபதி இருக்கிறார், பிடித்துவிடுவார்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் காப்பு. மேலே உட்கார்ந்திருப்பவரும் அதே கிணற்றில் தண்ணீர் இறைத்தால் யார் பிடிப்பது?

பணம் கட்டி வாங்குகிற சட்டத் தேடல் ஏஐகளுக்கு இந்த வியாதி இல்லை என்று விற்பனை செய்ய வருபவர்கள் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் இரண்டின் கருவிகளை 2024இல் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு கேள்விக்கு ஒன்றுக்கு மேல் சரக்கில் கலப்படம்.

என் ஒத்தி வழக்குக்கும் ஜூனியர் ஏஐயிடம் தீர்ப்பு தேடச் சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு கட்டாயம் காலாவதி என்று சொல்லும்: 1962இல் ஒத்தி, முப்பது வருடக் கெடு, 1992இலேயே கதை முடிந்தது என்பார்கள். அதற்குப் பதில் வேண்டும். ஏஐ மூன்று தீர்ப்பு கொடுத்தது. ஒன்று நிஜம், நல்ல தீர்ப்பும்கூட: 2014இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்ன சிங் ராம் எதிர் சியோ ராம். அனுபவ அடமானத்தில் கெடு அடமானத் தேதியிலிருந்து ஓடாது, முப்பது வருடம் கடந்ததாலேயே ஒத்திக்காரர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்கிற தீர்ப்பு. மற்ற இரண்டும் காற்று. ஒன்றுக்கு நம் உயர் நீதிமன்றத்தின் பெயரும், கேட்டவுடன் நம்பத் தோன்றும் கட்சிக்காரர் பெயர்களும் வைத்திருந்தது. அப்படி ஒரு வழக்கு இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கே ஆசையாக இருந்தது. போலித் தீர்ப்பின் குணமே அதுதான். நமக்கு எது வேண்டுமோ அதை அப்படியே சொல்லும். நிஜத் தீர்ப்பு எப்போதும் கொஞ்சம் இடக்காகத்தான் இருக்கும், நம் வழக்குக்கு முக்கால் பொருந்தும், கால் இடிக்கும்.

இதில் ஏஐ வாயே திறக்காத விஷயம் ஒன்று. குமாஸ்தா அண்ணாச்சி ஃபைலை நூலால் கட்டிக்கொண்டே, “சார், விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில ஒத்திக்குன்னு தனியா ஒரு பிரிவு உண்டே, பாத்தீங்களா?” என்றார். 1938ஆம் வருடத்துச் சென்னை மாகாணச் சட்டம், 9-ஏ பிரிவு. எனக்கும் மறந்துபோயிருந்தது. அண்ணாச்சி பத்தாம் வகுப்பு. நாற்பது வருடமாக பிராது கட்டுபவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஏஐயைத் திட்ட வந்தவன் என்று நினைக்க வேண்டாம். தினமும் உபயோகிக்கிறேன். எங்களைப் போன்ற முன்சீப் கோர்ட் ஊர் வக்கீலுக்கு அது கொடுத்திருப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. சென்னையில் பெரிய ஆபீஸ் வைத்திருப்பவருக்குப் பத்து ஜூனியர், லைப்ரரி, சந்தா கட்டிய டேட்டாபேஸ் எல்லாம் எப்போதும் இருந்தன. 2008இல் இந்தியன் கானூன் வந்தபோது அந்தச் சுவரில் முதல் ஓட்டை விழுந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் அதிகாரப்பூர்வத் தீர்ப்புத் திரட்டை இலவசமாகவே இணையத்தில் வைத்தது. இப்போது ஏஐ. 400 பக்கக் குற்றப்பத்திரிகையைக் கொடுத்து, சாட்சி வாரியாக யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார், எங்கே முரண்படுகிறது என்று பட்டியல் கேட்டால் பத்து நிமிடம். குறுக்கு விசாரணைக்கு முந்தின ராத்திரி இதன் அருமை தெரியும்.

விபத்து இழப்பீட்டு மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். 34 வயது டீ மாஸ்டர், லாரி மோதி இறந்துவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார். கணக்கு எப்படி என்பது சட்டத்தில் ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். சரளா வர்மா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த அட்டவணைப்படி பெருக்கும் எண் 16. நாலு பேர் சார்ந்திருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிவு. 2017இல் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டல். மாத வருமானம் 15,000 என்று வைத்தால் 21,000. கால் பங்கு போக 15,750. பன்னிரண்டால் பெருக்கி, பதினாறால் பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஏஐ கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுகிறது, ஈமச் செலவு உள்ளிட்ட மற்ற தலைப்புகளோடு. முன்பு நான் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டால் இரண்டு விடை வரும்.

ஆனால் அந்த 15,000 எங்கிருந்து வந்தது? டீ மாஸ்டருக்கு ஏது சம்பளச் சீட்டு? இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் 9,000க்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படியானால் மொத்தம் 18,14,400. பன்னிரண்டு லட்சம் வித்தியாசம் ஒரே ஒரு எண்ணில் நிற்கிறது. என் ஜூனியர் மூன்று தடவை அந்தக் கடைக்குப் போனார். மூன்றாவது தடவை, கடைக்குப் பால் ஊற்றுபவரின் கணக்கு நோட்டு கிடைத்தது. தினம் 35 லிட்டர் என்று தேதி வாரியாக, ஒவ்வொரு நாளும் மாஸ்டரின் கையெழுத்தோடு. 35 லிட்டர் பாலில் எத்தனை டீ ஓடும், அந்தக் கூட்டத்துக்கு நிற்கிற மாஸ்டருக்கு என்ன கூலி என்பது டீ குடித்த யாருக்கும் தெரியும், நீதிபதி உட்பட. பால்காரரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினோம்.

மொழிபெயர்ப்பில்தான் உண்மையாகவே எங்கள் உலகம் தலைகீழாகிவிட்டது. தமிழ்நாட்டில் கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் தமிழில், தீர்ப்பும் பல இடத்தில் தமிழில். மேல்முறையீடு மதுரைக் கிளைக்கோ சென்னைக்கோ போனால் எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டும். இப்படி மொழிபெயர்த்து டைப் அடித்த ஆவணக் கட்டுக்கு டைப்செட் என்று பெயர்; அதைத் தயார் செய்வதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் உயர் நீதிமன்ற வாசலில் எத்தனையோ பேர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. உச்ச நீதிமன்றமே தீர்ப்புகளை மொழிபெயர்க்க 2019இல் சுவாஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்துவிட்டது. அவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்போது மொழிபெயர்ப்பதில்லை, ஏஐ செய்ததைத் திருத்துகிறார். கூலி மூன்றில் ஒன்றாகிவிட்டது என்றார். வேலை குறையவில்லையாம்.

அவர் காட்டிய ஒரு வரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குறுக்கு விசாரணையில் வக்கீல் ஒன்றைச் சொல்லி, சாட்சி மறுத்தால் எங்கள் கோர்ட் தமிழில் இப்படிப் பதிவாகும்: ‘நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ அதாவது, நான் பொய் சொல்வதாக நீங்கள் சொல்வது சரியில்லை. ஏஐ இதை, ‘நான் பொய் சாட்சி சொன்னால் அது முறையல்ல’ என்று ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தது. சாட்சி கூண்டில் நின்றுகொண்டு நீதிபோதனை செய்கிறார்! ஒரே சாட்சியத்தில் பதினோரு இடத்தில். மூன்று இடத்தில் சிரிப்பு வரும். நாலாவது இடம் ‘வாதிக்கு நான் பணம் தரவேண்டியிருக்கிறது என்றால் சரியல்ல’. அதில் மறுப்பு ஒப்புதல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

கட்சிக்காரர்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் ‘பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் சொன்னார்’ என்று வருவார்கள், இப்போது போனை நீட்டுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, விஷயம் தெரிந்து வருபவரிடம் பேசுவது சுலபம். ஆனால் ஒருவர் தாமதமாக வந்தார். சீட்டுப் பிடித்ததற்கு ஈடாகப் பூர்த்தி செய்யாத காசோலை கொடுத்திருக்கிறார்; சீட்டுக்காரர் அதில் நாலு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டு, திரும்பியதும், பணமில்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவில் நோட்டீஸ் விட்டுவிட்டார். இவர் வக்கீல் செலவு எதற்கென்று ஏஐயிடம் கேட்டுப் பதில் நோட்டீஸ் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். படித்துப் பார்த்தேன். அழகான தமிழ். ‘தங்களுக்குச் செலுத்த வேண்டிய தொகை குறித்த என் பொறுப்பை உணர்கிறேன். ஆறு மாத கால அவகாசம் அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ காசோலை கொடுத்தாலே கடனுக்குக் கொடுத்ததாகத்தான் சட்டம் முதலில் நினைத்துக்கொள்ளும், 139ஆம் பிரிவு. அதை உடைப்பதுதான் எங்கள் பிழைப்பு. இவரோ தானே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். ஏஐக்குப் பண்பாகப் பேசத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பதில் நோட்டீஸுக்குப் பண்பு ஆகாது.

சட்டம் மாறியதும் சேர்ந்துகொண்டது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதுக் குற்றவியல் சட்டங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் மனு. புதுச் சட்டத்தில் 482 முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. ஐம்பது வருடத் தீர்ப்புகளில் 482 ஒரு பொருள், ஒன்றிரண்டு வருடமாக வேறு பொருள். ஏஐ எதை அதிகம் படித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்ஜாமீனுக்குத் தயாரித்த மனு ஒன்றில் பாதிக்கு மேல் ரத்து மனுவின் வாதங்கள் வந்து உட்கார்ந்திருந்தன. நாக்கு பழகாத நாங்களும்தான் இன்னும் தடுமாறுகிறோம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

என் அறையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கட்சிக்காரர் சொன்ன ரகசியம் எதுவும் இலவச ஏஐக்குள் போகக் கூடாது. கட்சிக்காரர் எங்களிடம் சொன்னதை வெளியே விடக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவில் சொன்னது, புதுச் சட்டம் 132இல் சொல்கிறது. பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பினால் ஆதார் எண், கைரேகை, போட்டோ எல்லாம் சேர்ந்து போகிறது. 1962 பத்திரத்தை அனுப்பியபோது இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதற்குப் பிறகுதான் வந்தது.

கோர்ட்டுகளும் ஆளுக்கொரு திசையில் யோசித்துப் பார்க்கின்றன. 2023 மார்ச்சில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஜாமீன் மனுவில் சாட்ஜிபிடியிடம் பொதுவான ஒரு கேள்வி கேட்டுப் பார்த்து, அதை உத்தரவிலேயே வெளிப்படையாக எழுதினார். அதே வருடம் ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், காலணி நிறுவனம் ஒன்றின் வர்த்தக முத்திரை வழக்கில், இதன் பதிலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென்று எழுத்தில் விதி போட்டுவிட்டது: தீர்ப்புக்கு வருவதற்கு ஏஐயை உபயோகிக்கக் கூடாது, அனுமதித்த கருவிகளை மட்டும் தொடலாம், எதையும் மனிதர் சரிபார்க்க வேண்டும். நாடு முழுக்க ஐந்து கோடிக்கு மேல் வழக்கு தேங்கிக் கிடக்கிறது. நீதிபதிகளுக்கு ஆசை வராமல் இருக்குமா?

எனக்கு உள்ளூர உறுத்துவது வேறு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. நியாயமான உத்தரவு. என் காலத்தில் சீனியர் பஸ் காசு கொடுத்தாலே பெரிய மனசு. ஆனால் அதே நேரத்தில் மாதம் 2,000 ரூபாய் சந்தாவில் தீர்ப்புத் தேடி, பிராது அடித்து, பத்திரம் படிக்கிற ஒன்று வந்துவிட்டது. பாரில் நாலு சீனியர்கள் டீ குடிக்கும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ‘ஒரு புள்ளய வச்சுக்கிட்டு என்ன செய்ய?’ என்றார் ஒருவர்.

ஏணியில் ஏறித் தூசி தட்டிய வேலையை யாரும் இனி செய்ய வேண்டாம், நல்லதுதான். ஆனால் ஒரு தீர்ப்பைத் தேடிப் போய், வேறு நாலு தீர்ப்பில் இடறி விழுந்துதான் எனக்குச் சட்டம் வந்தது. ‘ஓடைக்கு வடக்கு’ என்றால் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரம் மொழிபெயர்த்து, நானும் அதே மாதிரி தலைகீழாக எழுதி, சீனியர் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, “நிலத்துல நிக்காதல, ஓடையில நில்லு” என்று சொன்னதால். என் ஜூனியர் அந்த மொழிபெயர்ப்பை நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார். தப்பு அவர் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அந்தத் தப்பை அவர் ஒருபோதும் செய்ததில்லை. செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. முதல் வரைவு அவர் கையால். அதன் பிறகு ஏஐயிடம் கொடுக்கலாம், அது இவர் விட்டதைப் பிடிக்கட்டும், இவர் அது விட்டதைப் பிடிக்கட்டும். இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. அண்ணாச்சி சிரிக்கிறார். ஜூனியருக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான், மரியாதைக்காகச் சொல்லவில்லை. இது எத்தனை நாள் ஓடும் என்று எனக்கே சந்தேகம்.

பிராது தாக்கல் செய்வதற்கு முன் இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நானும் ஜூனியரும் போனோம். சர்வே வரைபடம், பத்திர நகல், போனில் செயற்கைக்கோள் படம். பெரியவர் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். போனில் எங்கே பார்த்தாலும் ஓடை தெரியவில்லை. ஜூனியர் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

“ஐயா, இங்க ஓடைன்னு ஒண்ணு பத்திரத்துல இருக்கே, அது எங்க?”

பெரியவர் நின்றார். எங்கள் இரண்டு பேர் காலையும் பார்த்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்தது பஞ்சாயத்துத் தார் ரோடு.

“அதுமேலதாம்மா நிக்கீங்க” என்றார்.